ஓடைக்கு அந்தப் பக்கம் நட்ட அம்பு

ஒரு கௌதாரி இரண்டு பேருக்குச் சரியான அளவு. நெஞ்சுக்கறி இரண்டு துண்டு வரும், ஆளுக்கு ஒன்று. வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, கறியை மேலே போட்டு, கொஞ்சம் பாலேடு ஊற்றி மூடிவைத்தால் சீக்கிரமே சாப்பாடு தயார். என் மனைவி சைமி இருந்தவரை இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவள் போன பிறகுதான் தெரிந்தது, இந்தப் பறவையை ஒற்றை ஆளுக்காகப் படைக்கவில்லை என்று. ஒரு துண்டைத் தின்றுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மறுநாள் காலையில் அதைச் சூடு பண்ணினால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும்.

புத்தகம் எழுதுகிறவர்கள் இந்தப் பறவைக்கு வேறு பேர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பேரன்களான எங்களுக்கு அது கௌதாரிதான். செப்டம்பர் பாதியில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும்போது வேட்டைப் பருவம் திறக்கும். துப்பாக்கிக்காரர்கள் காட்டையே அதிரவைத்துவிட்டுப் போவார்கள். நான் வில்தான். ஈயக் குண்டு பல்லில் நறுக்கென்று கடிபடாமல் கறி தின்ன ஆசைப்படுகிறவன் வில்தான் எடுக்க வேண்டும்.

வில்லுக்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். அம்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரையில் மேய்கிற பறவைக்கு மொட்டை அம்பு. முனையில் ரப்பர் குமிழ் இருக்கும், குத்தாது, அடித்துச் சாய்த்துவிடும். இறகு குட்டை என்பதால் குறி தவறினால் எங்கேயோ போய்விடும். மரத்தில் உட்கார்ந்ததற்கும் பறப்பதற்கும் சடை அம்பு. அதற்கும் முனை மொட்டைதான். ஆனால் வாலில் வெட்டாத முழு இறகுகளைச் சடைசடையாக ஒட்டியிருப்பேன். மேலே பார்த்து எய்தால் முதலில் வேகமாகப் போகும், முப்பது நாற்பது கஜத்தில் இறகு காற்றைப் பிடித்துக்கொள்ளும், சொத்தென்று விழுந்துவிடும். தேடி அலைய வேண்டாம். மூன்றாவது மானுக்கான கத்தி அம்பு. அதை இந்த இரண்டோடும் ஒரே அம்புக்கூட்டில் போட்டு வைக்கிறவன் முட்டாள்.

அப்படி ஒரு முட்டாளைத்தான் நான் பாதி ஆயுளுக்கு நண்பனாக வைத்திருந்தேன்.

ஹெய்க்கி ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். இரண்டு பேரும் மாவட்டச் சாலைத்துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினோம். ஓட்டுவது நான், பக்கத்தில் உட்கார்ந்து பனியை ஒதுக்குகிற பக்கவாட்டு இறக்கைத் தகட்டை ஏற்றி இறக்குவது அவன். குளிர்காலம் முழுக்க விடியலுக்கு முன்னாலிருந்து வண்டியின் ஒரே சின்ன அறையில் தோளோடு தோள். நாள் முழுக்க ஆறு வார்த்தை பேசியிருப்போம். அதில் மூன்று "பாத்து, தபால் பெட்டி." அந்த மாதிரி மௌனத்துக்கு ஆள் கிடைப்பது லேசில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. காடும் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. ஓடையை யாரும் எல்லையாக நினைக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில் அது நடந்தது. மான் வேட்டையும் திறந்திருந்தது. ஹெய்க்கி மூன்று வகை அம்பையும் ஒரே கூட்டில் செருகியிருந்தான், எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை இறகு. என் நாய் ஹல்லி பெரணிச் செடிக்குள்ளிருந்து ஒரு கௌதாரியைக் கிளப்பியது. அது பறக்காமல் தரையோடு ஓடியது. ஹெய்க்கி கண்ணைப் பறவை மேல் வைத்துக்கொண்டே கையைப் பின்னால் விட்டு ஒன்றை உருவினான், பூட்டினான், விட்டான். வந்தது கத்தி அம்பு. பறவை தப்பியது, பின்னால் ஓடி வந்த ஹல்லிக்குத் தொடை பிளந்தது. மிருக வைத்தியர் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"இத்தன வருஷமா என் பக்கத்துல உக்காந்திருந்தியே, ஒரு நாளாவது கண்ணத் தொறந்து பாத்திருக்கியாடா? இனிமே ஓடைக்கு இந்தப் பக்கம் கால வைக்காத."

"சரி," என்றான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அப்ப நீயும் அந்தப் பக்கம் வராத."

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வியாதி. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். வேறு யாராவது என்றால் ஒரு மாதத்தில் பல்லை இளித்துக்கொண்டு வந்து நின்றிருப்பார்கள். ஹெய்க்கி வரவில்லை. நானும் போகவில்லை. ஹல்லி மூன்று காலில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்து, வயதாகித்தான் செத்தது. அதற்கு அவன் மேல் கோபமே இல்லை. தூரத்தில் அவன் வண்டிச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டும். கோபத்தை அதற்காக நான்தான் காபந்து பண்ணிக்கொண்டிருந்தேன். சைமியின் அடக்கத்துக்கு ஹெய்க்கி வந்தான். சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றான். அடக்கம் முடிந்து காபி ஊற்றுகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தேன், ஆள் இல்லை.

இந்த வருஷம் வேட்டை திறந்தபோது எனக்கே என்னைத் தாங்க முடியவில்லை. ரேடியோவோடு சண்டை போட ஆரம்பித்திருந்தேன். வானிலை சொல்கிற பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹெய்க்கி வந்து என் சமையலறையில் உட்கார வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பேசக்கூட வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

நேரே போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் தனியாக இருப்பது தப்பில்லை, அதை வாயால் சொல்வதுதான் தப்பு. பால்பண்ணைக்காரன் ஒருத்தன் ஒருமுறை பாதிரியாரிடம், "வீடு ரொம்பப் பெருசா இருக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வாரா வாரம் சர்ச்சுப் பெண்கள் நூடுல்ஸ் பாத்திரத்தோடு வந்து, அவனை உட்காரவைத்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். சாகும்வரை பாடினார்கள். அந்தக் கதி எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு வழி இருந்தது. எங்கள் வில்லாளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. காட்டில் அடுத்தவன் அம்பைக் கண்டெடுத்தால், எடுத்தவன் அதைக் கைப்படக் கொண்டுபோய் உடையவன் வீட்டில் கொடுக்க வேண்டும். கடையில் கொடுத்துவைப்பது, யாரிடமாவது கொடுத்தனுப்புவது எல்லாம் அவமரியாதை. உடையவன் காபி ஊற்ற வேண்டும், வந்தவன் குடிக்க வேண்டும். அம்போடு பறவை கிடந்ததா, யார் நிலத்தில் கிடந்தது, பங்கு யாருக்கு, எல்லாம் காபி மேல் தீர்ந்துவிடும். ஜென்ம விரோதிகூட அம்பைக் கொண்டுவந்தால் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். அம்பு யாருடையது என்பதில் சந்தேகமே வராது. தண்டில் ஒவ்வொருத்தருக்கும் தனி வண்ண வளையம். என்னுடையது இரண்டு நீலம், நடுவில் ஒரு கறுப்பு.

ஆக, என் அம்பு ஒன்று ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்க வேண்டும். ஹெய்க்கி அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பறவையைக் குறிவைத்தேன், தவறி ஓடையைத் தாண்டிவிட்டது. இதைவிட இயல்பாக வேறென்ன இருக்கிறது?

எந்த அம்பு என்று பட்டறை மேஜையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். பழைய மொட்டை அம்பு ஒன்று கைக்கு வந்தது. இறகு நைந்து, தண்டில் கீறல் விழுந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தால் நான் நொடித்துப்போனேன் என்று நினைப்பான். இன்னொன்றில் இறகு பழுப்பு நிறம், காய்ந்த இலைக்குள் விழுந்தால் தெரியாது. கடைசியில் போன குளிர்காலத்தில் செய்த சடை அம்பை எடுத்தேன். தேவதாருத் தண்டு, வான்கோழி இறகை எலுமிச்சை மஞ்சளில் சாயம் தோய்த்து ஒட்டியது. என் கையால் செய்ததில் அதற்கு ஈடு இல்லை. அதைப் பார்த்து அவன் கொஞ்சம் பொறாமைப்பட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது.

முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்தேன். அந்தப் பக்கத்து வாடையே எனக்கு மறந்துபோயிருந்தது. ஹெய்க்கி காளான் பொறுக்கப் போகிற தடம் எனக்குத் தெரியும். தேவதாருச் சதுப்பைத் தாண்டி, மேடேறி, அவன் தினமும் கடக்கிற ஒரு விழுந்த மரத்தின் பக்கத்தில் அம்பைக் கிடத்தினேன். பெரணி மறைத்தது. எடுத்துச் சரிவில் வைத்தேன், உருண்டுவிட்டது. கடைசியில் பாசி மண்ணில் அழுத்தி நட்டுவைத்தேன். மஞ்சள் சடையோடு பூத்த செடி மாதிரி நின்றது. தூரத்தில் போய் நின்று பார்த்தேன். குருடனுக்கும் தெரியும். எனக்குத் தலை கால் புரியவில்லை. வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஏலக்காய் போட்டு நிசு ரொட்டி சுட்டேன். சைமி பின்னுவது மாதிரி மூன்று பிரி பின்னினேன். பார்க்க முறுக்கிப் போட்ட கயிறாக வந்தது. முகம் மழித்தேன். மேஜையைத் துடைத்தேன். காபிப் பானையை அடுப்பிலேயே வைத்திருந்தேன். கொதித்துக் கொதித்து அது தார் மாதிரி ஆகும், கொட்டிவிட்டு வேறு போடுவேன். சாலையில் எந்த வண்டி வேகம் குறைந்தாலும் ஜன்னலுக்குப் போவேன். தபால்காரப் பெண் ஒருநாள் கையசைத்தாள். நான் ஜன்னலோரமே கிடக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிடப்போகிறாளே என்று திரையை இழுத்துவிட்டேன்.

யாரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் மறுபடி ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். அம்பு இல்லை. பாசியில் குழி மட்டும் இருந்தது. பக்கத்தில் அவன் பூட்ஸ் தடம், குதிகால் ஒருபக்கம் தேய்ந்தது. நின்று பார்த்திருக்கிறான், வெகுநேரம் நின்றிருக்கிறான், தடம் ஆழமாக இருந்தது. இன்றைக்கு வருவான் என்று வீட்டுக்கு ஓடினேன்.

அன்றைக்கும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நிசு கல்லாகிவிட்டது, காபியில் முக்கி முக்கி நானே தின்றேன். ஒரு மனுஷன் இந்த வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து காத்துக்கிடப்பது போலக் கேவலம் எதுவும் இல்லை. அழவில்லை, ஆனால் அழுகிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காபித்தூள் தீர்ந்துபோய்க் கூட்டுறவுக் கடைக்குப் போனேன். கல்லாவில் இர்மா. அவளுக்கு வாயும் கையும் சேர்ந்தேதான் ஓடும். பக்கத்தில் எல்மர், வேலைவெட்டி இல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஒரு சிரிப்பு ஓடியது.

"வாங்க நீலோ அண்ணே," என்றாள் இர்மா. "கௌதாரி திருடுற ஆளு நீங்கன்னு இத்தன நாளா தெரியாம போச்சே!"

"என்ன ஒளறுற?"

"நான் எங்க ஒளறுறேன்? எல்மர் அண்ணன் கண்ணால பாத்திருக்காரு."

எல்மர் கோப்பையை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "ஹெய்க்கி வண்டியில, முன் கண்ணாடிகிட்ட உன் அம்பு கெடக்குப்பா. ரெண்டு நீலம் ஒரு கறுப்பு. எங்கடா கெடச்சுதுன்னேன். மேட்டுக்கு மேல, விழுந்த மரத்துகிட்டன்னான். சொல்லு, சடை அம்பு எவ்வளவு தூரம் போகும்?"

நாற்பது கஜத்துக்கு மேல் போகாது. அது அவனுக்கும் தெரியும்.

"ஓடையிலேர்ந்து அந்த மேடு கால் மைலு," என்றான் எல்மர். "உன் அம்பு என்ன, பஸ் ஏறிப் போச்சா?"

இர்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தப் பக்கம் போயி நின்னுதான அடிச்சிருக்கணும்? எதிரி நிலத்துப் பறவைன்னா ருசி ஜாஸ்தியோ?"

"வனக்காவலர்கிட்ட சொல்லுடான்னேன்," என்றான் எல்மர். "ஹெய்க்கி மாட்டேன்னுட்டான். ஒரு வாரமா அந்த அம்பை வண்டியில வச்சுக்கிட்டு சுத்துறான் பைத்தியக்காரன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. காபித்தூளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மீதிக் காசை வாங்க மறந்துவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கையால் குத்தினேன். மொட்டை அம்பை எடுத்திருந்தால் ஒருத்தனும் வாயைத் திறந்திருக்க முடியாது. அது கால் மைல் போகாது என்றாலும், பாதித் தூரம் பறந்து, எதிலாவது பட்டுத் தெறித்தது, நரி கவ்விக்கொண்டு போனது என்று ஏதாவது கதை கட்டியிருக்கலாம். நான் எடுத்தது சீக்கிரம் விழ வேண்டும் என்றே செய்த அம்பு. இந்த ஊரில் அது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும். அழகைப் பார்த்து மயங்கி, வாழ்நாள் முழுக்க அம்பு செய்தவன் அம்பைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஹெய்க்கிதான். இளைத்திருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான், கழுத்துப் பொத்தான் போட்டிருந்தான். சாலை வழியாக வண்டியில் வந்திருக்கலாம். ஓடையைத் தாண்டி நடந்தே வந்திருந்தான், முழங்கால்வரை ஈரம். இடுப்பு வலி போலிருக்கிறது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். கையில் என் அம்பு.

"உங்க அம்பு," என்றான்.

உங்க. டேய், போடா, கழுதை என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அந்த மரியாதை என்னை ஓங்கி அறைந்தது.

"உள்ள வா," என்றேன். "காபி இருக்கு."

பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி, எப்போதும் அவன் உட்காருவதுதான். நான் காபி ஊற்றினேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாசரில் ஊற்றி உறிஞ்சினான். அந்தச் சத்தம். ஆறு வருஷமாகக் கேட்காத சத்தம். இதற்காகத்தானே இவ்வளவும். இப்படியே எதுவும் பேசாமல் இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

அவன்தான் பேசினான். "சைமி இல்லாம வீடு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு, "அந்த நாய் விஷயத்துல நான்..."

"அது செத்து மூணு வருஷமாச்சு," என்றேன்.

அதைப் பற்றி நீ வருத்தப்பட வேண்டாம், எப்போதோ மறந்தாயிற்று என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது கல் மாதிரி வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கோப்பையை நிரப்பினேன்.

ஹெய்க்கி அம்பை எடுத்து மேஜை மேல் வைத்தான். வளையத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"நல்லா வந்திருக்கு," என்றான். "சாயம் நீங்களே போட்டதா?"

"ஆமா."

"கடையில பேசிக்கிறாங்க. நான் எதுவும் சொல்லல. எல்மர் எங்க கெடச்சுதுன்னு கேட்டான், சொன்னேன். அவ்வளவுதான்." காபியை ஒரு வாய் குடித்தான். "ஒண்ண மட்டும் யார்கிட்டயும் சொல்லல. இது கெடக்கல. நின்னுக்கிட்டிருந்துச்சு."

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"மொட்டை முனை," என்றான் ஹெய்க்கி. "எங்கேர்ந்து விட்டாலும் தரையில குத்தி நிக்காது. உருண்டு கெடக்கும். இது நேரா நின்னுச்சு. பறவை இறகு ஒண்ணும் ஒட்டல, ரத்தம் இல்ல. தினம் நான் போற தடத்துல." முகத்தைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தான். நீலக் கண், ஓரமெல்லாம் சிவந்திருந்தது. "ஒரு வாரமா யோசிச்சேன். அங்க வந்து பறவை அடிச்சீங்களா? இல்ல வேற ஏதாவதா? அதக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அந்தக் கேள்வியாலேயே கதவைத் திறந்துவைத்து என்னை உள்ளே வா என்கிறான். அது எனக்குப் புரியாமல் இல்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் வாயால் கேட்க ஆசைப்படுகிறான், அவ்வளவுதான். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான். ஆனால் இந்த வயதில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரொட்டி சுட்டு, அவன் வருவான் என்று அம்பை நட்டுவிட்டுக் காத்திருந்தது அவனுக்குத் தெரிய வேண்டுமா? அதையும் நானே சொல்ல வேண்டுமா? நாளைக்கு அது எல்மருக்குப் போகும், இர்மாவுக்குப் போகும், பாதிரியாருக்குப் போகும். அவன் யாரிடமும் சொல்லமாட்டான் என்று இப்போது தெரிகிறது. ஒரு வாரம் மூடிவைத்தவன் சாகும்வரை மூடியிருப்பான். அந்த நிமிஷம் அது தோன்றவில்லை. வெட்கம் ஒன்றுதான் தோன்றியது.

"பறவைதான்," என்றேன். "மரத்துல உக்காந்திருந்துச்சு, அடிச்சேன். தவறிப்போச்சு."

"அம்பு நின்னுச்சே."

"நான்தான் குத்திவச்சேன். பறவை எந்தப் பக்கம் போச்சுன்னு தேடறதுக்கு அடையாளத்துக்கு. அப்புறம் எடுக்க மறந்துட்டேன்."

"நீங்க அம்பை மறக்குற ஆளு இல்லையே."

"வயசாச்சு."

"உக்காந்த பறவைய நீங்க தவறவிடுற ஆளும் இல்ல."

"அதான் வயசாச்சுங்குறேன்ல!" என்று கத்தினேன். "திருடினேன். உன் நிலத்துல வந்து திருடினேன். போதுமா? வனக்காவலர்கிட்ட சொல்லணும்னா சொல்லிக்கோ."

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவன் காத்திருந்தான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் எழுந்து போய் அடுப்பில் விறகு போட்டேன். அடுப்பில் ஏற்கெனவே விறகு நிறைய இருந்தது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. கோப்பையைச் சாசரில் கவிழ்த்துவைத்தான். எங்களிடம் அதற்கு, இனிமேல் ஊற்ற வேண்டாம் என்று அர்த்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்ஸை மாட்டினான். இடுப்பு வலியில் முதல் பூட்ஸுக்கே வெகுநேரம் ஆனது. நான் போய்ப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

"சரி," என்றான் கதவைத் திறந்துகொண்டே. "நான் வேற ஏதோன்னு நெனச்சுட்டேன்."

போய்விட்டான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடை வரைக்கும் மெதுவாகப் போனான். கரையில் ஒருமுறை நின்றான். மூச்சு வாங்க நின்றானோ, வேறெதற்கு நின்றானோ. நான் ஜன்னல் கொக்கியில் கை வைத்தேன். ஹெய்க்கி என்று ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான். அவன் தண்ணீரில் இறங்கினான், அந்தப் பக்கம் ஏறினான், தேவதாருக்களுக்குள் போய்விட்டான்.

ஊரில் இப்போது நான் கௌதாரித் திருடன். கடையில் கிளம்பிய பேச்சை நான் மறுக்கவே இல்லை. இர்மா சாமானைப் பையில் போடும்போது கிண்டல் பண்ணுவதில்லை, அது கிண்டலைவிட மோசம். எல்மர் ஸ்டூலைத் திருப்பிக்கொள்கிறான். சர்ச்சில் என் வரிசையில் இடம் நிறைய இருக்கிறது. இதெல்லாம் என்னைத் துளியும் பாதிக்கவில்லை. திருடன் என்ற பேரோடு ஒரு மனுஷன் சௌக்கியமாக வாழலாம், யாரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பாட்டுப் பாடமாட்டார்கள்.

முதல் பனி விழுந்த மறுநாள் காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. காற்றே இல்லாததால் ஒவ்வோர் அடியும் என் சமையலறைக்குள் அடிக்கிற மாதிரி கேட்டது. சத்தம் நின்ற பிறகு கரைக்குப் போனேன். எதிர்க்கரையில் பெரிய தேவதாருவில் புதுப் பலகை ஒன்று அடித்திருந்தான். என் வீட்டைப் பார்த்து அடித்திருந்தான். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அத்தனை வருஷச் சண்டையில் அவன் அங்கே ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. திருடன் வந்து போகிற இடத்தில் பலகை வைக்கத்தான் வேண்டும். நான் இந்தக் கரையில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தனியா இருக்கேன்டா, வந்து உக்காந்துட்டுப் போ என்று சொன்னால் தீர்ந்திருக்கும். அந்த மனுஷன் தலை வாரிக்கொண்டு, தண்ணீரில் நடந்து, அதைக் கேட்கத்தான் வந்தான். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, திருடினேன் என்று சொல்ல வந்தது.